எழும்பாத விளக்குகள்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். ஒரு காரின் கதை சொல்கிறேன். சீக்கிரம் முடிந்துவிடும்.

"எப்படியாவது கண்ணைத் திறக்க வச்சிடுடா தம்பி. உன்னை நம்பித்தான் வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

தம்பி டாக்டர் இல்லை. கார்களுக்கு ஒயரிங் வேலை பார்ப்பவன். அவன் ஷெட்டில் வந்து நின்றது அக்கா வீட்டுக்காரரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. அதன் முன்விளக்குகள் பகலில் மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஸ்விட்ச்சைப் போட்டால் தவளை கண்ணை உருட்டுகிற மாதிரி மேலே எழும்பும். ஒரு வருஷமாக எழும்பவில்லை. வீட்டு வாசலில் அக்காவின் கண்முன்னாலேயே அவர் எத்தனையோ முறை ஸ்விட்ச்சைப் போட்டுக் காட்டி உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்.

சனிக்கிழமைதோறும் அவர் பக்கத்து ஊரில் இருக்கும் தன் இன்னொரு கடைக்குப் போவார். கடை சாத்துவதற்குள் இருட்டிவிடும். விளக்கில்லாத வண்டியை எப்படி ஓட்டுவது? கடை மாடியிலேயே படுத்துவிட்டு மறுநாள் காலையில்தான் வருவார். பஸ்ஸில் போகச் சொன்னால் இடுப்பு வலிக்கிறது என்பார்.

இன்று அவர் சரக்கு எடுக்க ரயிலேறிவிட்டார். திரும்புவதற்குள் விளக்கைச் சரிசெய்து அவரை அசத்திவிட வேண்டும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் அக்காவே வண்டியை ஓட்டி வந்துவிட்டாள்.

தம்பியின் முகம் சுண்டிப்போனது. இந்தக் காலத்து வண்டியா என்ன, சாமானே கிடைக்காது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தான். அக்கா கேட்பதாக இல்லை. அவன் பிழைக்க ஷெட் போட இடம் கொடுத்த மாமாவுக்கு இதுகூடச் செய்யமாட்டானா என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் பானெட்டைத் திறந்தான். விளக்கு மோட்டாரின் மேல் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் திருகினால் விளக்கு மெல்ல மேலே வரும். இரண்டையும் அப்படித் தூக்கி நிறுத்தி, கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருந்த விட்டில் பூச்சிகளை முதல் வேலையாகப் பழந்துணியால் துடைத்தான். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ரிலேயை மாற்றிப் போட்டான். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் மோட்டார் விர்ரென்று சுற்றி விளக்கை இறக்கியது.

"எல்லாந்தான் நல்லாயிருக்கே. அப்புறம் என்னடா கேடு? தொழில் மறந்துபோச்சா?"

நடுவில் எங்கோ கரண்ட் நிற்கிறது, தேடிப் பிடிக்க நாளாகும் என்று முணுமுணுத்தான். அக்கா சிரித்தாள். சிரித்தவள் குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். போன சனிக்கிழமை ராத்திரி அவளுக்குத் திடீரென்று மூச்சு முட்டியிருக்கிறது. சமையலறைத் தரையில் சரிந்து உட்கார்ந்தவள், ஜன்னல் வெளுக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறாள்.

"மாமாவுக்குப் போன் பண்ண வேண்டியதுதானே?" என்றான் தம்பி.

"போன் கையிலதான் இருந்தது. கூப்பிட்டா, மனுஷன் பதறியடிச்சு விளக்கில்லாத வண்டியில இருட்டுல ஓடி வருவாரு. எங்கயாவது மோதிட்டா, அப்புறம் நான் பொழைச்சு என்ன ஆகப்போகுது?"

தம்பி கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். பிறகு காருக்குள் ஏறி உட்கார்ந்து, குனிந்துகூடப் பார்க்காமல் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். 'டக்' என்று ஒரு சத்தம். விளக்கு ஸ்விட்ச்சைப் போட்டதும் இரண்டு கண்களும் ஒன்றாக எழும்பி எதிர்ச்சுவரில் வெளிச்சத்தைக் கொட்டின.

அக்கா குழந்தை மாதிரி கை தட்டினாள். என்ன கோளாறு என்று கேட்டாள். கோளாறே இல்லை, சீட்டுக்கு அடியில் தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது, அதை அணைத்துவைத்தால் விளக்கு எழும்பாது என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"திருடனுக்குப் பயந்து அவரே வச்சிருப்பாரு. வச்சதை மறந்தும் போயிருப்பாரு. வாங்கின காய்கறியைக் கடையிலேயே விட்டுட்டு வர்ற ஆளாச்சே." இனி எந்த ராத்திரியும் தைரியமாகக் கூப்பிடலாம் என்று அவளுக்கு அத்தனை நிம்மதி.

"மறக்கல அக்கா. உன் முன்னாடி அணைச்சு வைப்பாரு, நம்ம ஊரைத் தாண்டினதும் போட்டுக்குவாரு. அந்தக் கடை மாடியில அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு."

அக்கா ஸ்டூலைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தாள். அழவில்லை. எழும்பி நின்ற விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எனக்கென்று நீ ஒருத்தனாவது இருக்கிறாயே என்பதுபோலத் தம்பியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டினவன்தான் துரோகி. காசுக்கோ எதுக்கோ அவனுக்கு இந்த ஸ்விட்ச்சை வச்சுக் குடுத்தானே, அந்தப் பாவி யாருடா?"

"நான்தான்க்கா."

கண்ணுகளா, உங்கள் வீட்டில் கூடப் பிறந்தவர்களும் கூட வாழ்கிறவர்களும் என்றைக்கும் உங்களுக்கு உண்மையாகவே இருக்கட்டும்.