இரண்டாவது மீட்டர்

சுவரில் காதை வைத்தார்.

அந்தப் பக்கம் கடுகு வெடித்தது. பிறகு கறிவேப்பிலை. பிறகு மருமகள் பொன்செல்வியின் வளையல்.

"காது செவத்துலயே ஒட்டிக்கிடப் போவுது. அப்புறம் கொத்தனாரக் கூட்டியாந்துதான் பேத்து எடுக்கணும்" என்றாள் மனைவி கோமதி, இருட்டுக்குள்ளிருந்து.

அவர் பாலூட்டி வளர்த்த இருட்டு அது.

கல்யாணமான நாளிலிருந்து கரண்டு பில்லோடு மல்லுக்கட்டியவர். மின்விசிறி முழுசாக ஒரு சுற்று வருவதற்குள் அமர்த்திவிடுவார். ஃபிரிட்ஜுக்கு வெள்ளி, சனி விடுமுறை. வழிதவறி உள்ளே வந்த மின்மினிப் பூச்சியைக்கூட, மீட்டரில் ஏறிவிடப் போகிறதென்று துண்டை வீசி விரட்டியிருக்கிறார். அந்த வீட்டில் பல்லிகளே சுவரைத் தடவித் தடவித்தான் நடக்கும்.

அப்படியும் பில் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு மீட்டருக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அப்படியானால் வீட்டையே இரண்டாக்கிவிட்டால்?

அந்த யோசனை வந்த அன்று அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நடுக்கூடத்தில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுந்தது. செங்கல்லையும் மிச்சம் பிடித்து, கூரைக்கு ஒரு முழம் கீழேயே நிறுத்தச் சொன்னார். முன்பாதி அவருக்கும் கோமதிக்கும். பின்பாதி மகன் சங்கிலிராஜுக்கு. பின்தெருவில் அவனுக்குத் தனி வாசல்.

எல்லாம் பேருக்குத்தான். சாப்பாடு எப்போதும்போல ஒன்றாக.

தனிக் குடும்பம் என்றால் தனி அடுப்பு வேண்டுமே. அதையும் அவரே வாங்கிப் போட்டார். மீட்டர் கொடுக்கும் முன் மின்வாரியத்து ஆள் பார்வையிட வந்தபோது அதில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிப் பொன்செல்வி நின்ற நிற்பைப் பார்த்தால், ஏழு தலைமுறையாக அங்கேயே சமைப்பவள் போலிருந்தது.

வந்தவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

சோறு இருந்தது.

"வடிச்சது வடிச்சாச்சு. வீணாக்காம அங்கயே சாப்ட்டுருங்க."

அவர்தான் சொன்னார்.

சாப்பிட்டார்கள்.

மறுநாள் அங்கேயே காப்பி போட்டுக்கொண்டார்கள். அப்புறம் தோசை வார்த்தார்கள். அப்புறம் குழம்பு.

யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சண்டை என்றாலாவது நாலு பேரை வைத்துச் சமாதானம் பேசலாம்.

இன்று பில் வந்தது. இரண்டு மீட்டருக்கும் சைபர்.

ஊரையே கூட்டி மிட்டாய் கொடுக்க வேண்டிய நாள். பேத்தி தன்விகாவைத் தோளில் தூக்கி ஆட வேண்டிய நாள்.

"இன்னும் எதை அமத்தணும்? நான் ஒருத்திதான் பாக்கி" என்றாள் கோமதி.

போகலாம். தெருமுனை திரும்பி, பின்தெருவுக்குள் நுழைந்தால் மகன் வாசல்.

ஆனால் சொந்த வீட்டின் மறுபாதிக்கு ஒரு மனிதன் செருப்பு மாட்டிக்கொண்டு போவதா?

சுவரிலிருந்து காதை எடுத்தார்.

கூடத்து ட்யூப்லைட்டைப் போட்டார்.

கோமதிக்குக் கண் கூசியது.

அடுக்களை விளக்கு. குளியலறை விளக்கு. வாசல் விளக்கு. கார்த்திகைக்குக்கூடப் போடாத மாடிப்படி விளக்கு. மின்விசிறிகள் எல்லாவற்றையும் ஐந்தாம் எண்ணுக்குத் திருகினார். டீவியைப் போட்டார். மேலே போன விமானம் ஏதாவது, மதுரை வந்துவிட்டதென்று இறங்கியிருந்தாலும் இறங்கியிருக்கும்.

"ஏங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"சும்மா இருடீ. செவத்துக்கு மேல வெளிச்சம் போவுதுல்ல? பாத்தாம்னா ஓடி வருவான். நான் வளத்த வளப்பு அப்படி. ஒரு லைட்டு சும்மா எரிஞ்சா அவனுக்குச் சோறு எறங்காது."

"வந்து?"

"திட்டுவான். எல்லாத்தையும் அமத்துவான்."

"அப்புறம்?"

அவர் டீவியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"அப்புறம் ஒக்காருவாம்ல."

கோமதி அவரையே பார்த்தாள்.

எழுந்து அடுக்களைக்குப் போனாள். கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. உள்ளே ஒரு மணி அரிசி கிடையாது. கல்லும் கல்லும் உரசி அது போட்ட இரைச்சலில் தெருநாய்கள் குரைத்தன.

திரும்பி வந்தவள் முடியை ஒதுக்கிக்கொண்டாள். நெற்றிக் குங்குமத்தைத் தடவிச் சரிசெய்தாள். மகன் உட்காருகிற இடத்தில் கிடந்த துணிகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இருவரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது.

சுவருக்கு மேலே, மகன் வீட்டுக் கூரை பளீரென்று தெரிந்தது.

அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது.

கோமதி ஓடிப்போய்க் கிரைண்டரை அமர்த்தினாள். அவர் டீவியை அமர்த்தினார். மூச்சையும் அமர்த்தினார்.

"அப்பா, மேல பாரேன். எவ்ளோ வெளிச்சம்!"

தன்விகாவின் குரல்.

நாற்காலி நகர்ந்தது. சங்கிலிராஜ் எழுந்துவிட்டான்.

கோமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்காங்க பாப்பா. கத்தக் கூடாது. சாப்பிடு."

அந்தப் பக்கத்து டீவியின் சத்தம் மெல்ல, மரியாதையாகக் குறைந்தது.