தப்புக்கு ஒரு சட்டி நெருப்பு

ஒலிகளைப் பதிந்து வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒலிக்கும் நிப்ராஸின் சாம்ப்ளர் பெட்டியை இப்போது எந்தக் கம்பனியும் செய்வதில்லை. தேயிலைத் தோட்டத் திருவிழாக்களில் அதன் மூன்றாம் பொத்தானை அழுத்தினால், போன வருடம் காலமான சன்னாசி அடித்த தப்பு மேளம் பதிந்தபடியே அதிரும். அது முழங்கித்தான் தேர் நகரும்.

இந்த முறை வட்டகொடைத் தோட்டத்தில் விடாத மழை. மூன்றாம் பொத்தான் மட்டும் சொதசொதவென்று ஒலித்தது. வயரையும் ஸ்பீக்கரையும் மாற்றிப் பார்த்தான். சரிவரவில்லை.

"ஈரத்துல தோலு தளந்திருச்சு நானா. காய்ச்சாம அடிச்சா இப்பிடித்தான்," என்றாள் நிப்ராஸை அண்ணன் முறையில் அழைக்கும் சன்னாசியின் மனைவி பாக்கியம்.

"இதுல தோலே இல்லியே."

அவள் நெருப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் மனம் நோகக்கூடாதென்று நிப்ராஸ் பெட்டியை அனலில் காட்டினான். அழுத்தியதும் தப்பு முழங்கியது, தேர் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் காட்டினான்.

எந்தப் பொத்தானிலும் அவன் விரல் இல்லை. ஸ்பீக்கரில் சன்னாசியின் குரல் வந்தது.

"போதும் நானா, கருகிரும்."

பாக்கியம் சட்டியை நகர்த்தி வைத்தாள்.