நூலகர் செய்தது சரியா?

"சார், என் கேஸை மட்டும் வாசிக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

பயிற்சி வகுப்பின் வாசலிலேயே பயிற்சியாளரை மறித்துக்கொண்டாள் அந்த நூலகர். பயிற்சிக்கு வந்த இருபது நூலகர்களும், வேலையில் மாட்டிக்கொண்டு முழித்த ஒரு சம்பவத்தைப் பெயர் போடாமல் எழுதி முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. வட்டமாக உட்கார்ந்து அதைப் பேசினால் எல்லாருக்கும் புத்தி வந்துவிடுமாம்!

"அதுலதான் பேரே இல்லையேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே சார். மூணு வருஷமா தூக்கமில்ல. இவங்களும் தப்புன்னு சொல்லிட்டா, இந்த வேலையே வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன்."

அவர் விறுவிறுவென உள்ளே போனார். கையிலிருந்த தாள்களில் முதல் தாளாக அதையே உருவினார். பாவி மனுஷன்.

"ஒரு அம்மா புற்றுநோய் பத்தின புத்தகமா எடுத்துட்டுப் போறாங்க. 'பொண்ணு பரீட்சை முடியற வரைக்கும் வீட்டுக்குத் தெரியக் கூடாது'ன்னு நூலகர்கிட்ட வாக்கு வாங்கிக்கறாங்க. ஒருநாள் அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, 'என் மனைவி என்ன புத்தகம் எடுக்கறா?'ன்னு கேக்கறார். நூலகர் சொல்லல. மூணு மாசத்துல அந்த அம்மா இறந்துடறாங்க. நூலகர் செஞ்சது சரியா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?" மீசைக்காரர் ஒருவர் எகிறினார். "கட்டின புருஷன்கிட்ட சொன்னா வாய் வெந்துடுமா? சட்டம் பேசியே ஒரு உசுரை வாங்கியாச்சு!"

"இருங்கண்ணே. வாசகர் என்ன படிக்கிறார்னு வெளிய சொல்லக் கூடாதுதானே?" என்றாள் கண்ணாடிக்காரி ஒருத்தி.

"அதெல்லாம் கதைப் புத்தகத்துக்குத் தங்கச்சி!"

கொல்லென்று சிரிப்பு. தப்பு என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பயிற்சியாளர். பதினெட்டுக் கைகள்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அந்த நூலகர் நான்தான். போதுமா?"

மீசைக்காரர் தரையைப் பார்த்தார். அவள் கதவுவரை போய்விட்டாள்.

"நில்லும்மா. அந்த மனுஷன் போன்ல என்ன சொன்னார்?" என்றார் பயிற்சியாளர்.

"கத்தினார் சார். 'புருஷன் எனக்கில்லாத உரிமை உனக்கென்ன?'ன்னு. டாக்டருங்க கைவிட்டுட்டாங்கன்னு அந்தம்மா சொன்னாங்கதான். ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட இருந்து பார்த்திருப்பாரே! இன்னைக்கும் எங்கேயோ உட்கார்ந்து என்னைச் சபிச்சுக்கிட்டுதான் இருப்பார்."

"சபிக்கலம்மா." பயிற்சியாளர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு அவளே எல்லாத்தையும் சொன்னா, 'லைப்ரரியில ஒரு பொண்ணு என் பேச்சைக் காப்பாத்தினா'ன்னு. வாசகர் ரகசியம் காக்கணும்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தற நானே அப்படி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாது."