காவிக்கு எட்டாத அக்கி

அக்கி எழுதும் கண்ணையனைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று விழுப்புரத்துக்கு பைக்கில் பறந்தான் லூர்து பிரகாஷ்.

பின்னே? தவக்காலத்தில் அப்பா சவரிராயனுக்கு இடது மார்பில் அக்கி கொப்பளித்தது. வளவனூரில் எல்லாரும் செய்வதுபோல, பானை செய்யும் கண்ணையனிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்டார். கண்ணையன் அவர் மார்பில் சிங்கம்கூட வரைந்து அனுப்பினார். கொப்புளம் காய்ந்தது, வலி போகவில்லை.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பிரகாஷுக்கு இதெல்லாம் பெரிய அவமானம். அக்கி போனாலும் நரம்பு வலி இருக்கும் என்று மூன்று மாதமாக அவனே மாத்திரை கொடுத்து வந்தான். ஆஸ்பத்திரி என்றாலே அப்பா கட்டிலைப் பிடித்துக்கொள்வார். அவனும் வற்புறுத்தவில்லை.

இன்று காலை வலி அதிகமாக, மகனுக்குத் தெரியாமல் மறுபடி எழுதிக்கொள்ளப் போயிருக்கிறார். இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று போன். காவியில் என்னத்தைக் கலந்தானோ பாவி!

வார்டு வாசலில் நின்ற கண்ணையனின் சட்டையைப் பிடித்தான்.

"எங்கப்பாவ இன்னாய்யா பண்ண?"

"இந்த வாட்டி நான் எழுதல தம்பி. அக்கி வலின்னா எரியும், வேர்க்காது. உங்கப்பாவுக்கு வேர்த்து ஊத்துச்சு. ஆஸ்பத்திரின்னா வரமாட்டாரே. அக்கி உள்ள எறங்கிடுச்சு, என் காவிக்கு எட்டாது, விழுப்புரத்துல மிஷின்ல எழுதுறாங்கன்னு சொல்லி இட்டுக்கினு வந்தேன்."

உள்ளே, மார்பெல்லாம் ஒயரோடு படுத்திருந்த சவரிராயன் மகனிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"பேப்பர்ல வெறும் கோடு கோடா எழுதுதுடா. ஒரு சிங்கம்கூட இல்ல."

பிரகாஷுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டாக்டர் பிரகாஷையும் கண்ணையனையும் வெளியே அழைத்தார். ஹார்ட் அட்டாக்தான், இன்னும் அரை மணி போயிருந்தால் ஆள் இல்லை என்றார். அக்கி வந்தவர்களுக்கு நெஞ்சு வலித்தால் இதயத்தையும் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அவர் குரல் ஏறியது.

"மூணு மாசமா ஒரு ஈசிஜிகூட எடுக்க அனுப்பாம, நரம்பு வலின்னு சொல்லி மாத்திரை குடுத்த அறிவாளி யாரு?"



கண்ணையன் பிரகாஷை மறைத்தாற்போல் டாக்டர் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

"நான்தாங்க."