மினா கொண்டுவந்த கூடை

கதவைத் திறந்த இந்திராணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் மினா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள்.

போன மாதம் செமினிக்கு அப்பால் மலைக்கிராமமான பூர்வகுடிக் கம்பத்துக்குச் சுற்றுலா போனபோது, மினாவின் வீட்டில்தான் இந்திராணி இரண்டு நாள் தங்கினாள்.

"மகன், மருமக, பேரப்பிள்ளைங்கன்னு எங்க வீடு எந்நேரமும் கலகலன்னு இருக்கும் லா. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தா அவசியம் வாங்க" என்று வாய் நிறைய அழைத்தவளும் இந்திராணிதான். அழைத்தால் வந்துவிடுவார்கள் என்று யார் கண்டது?

"வீட்டுல யாரையும் காணோமே, ஆன்டி?" மலாயில் கேட்டாள் மினா.

"எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க. உட்காருங்க, சமைக்கிறேன்."

சமைத்து முடித்தும் யாரும் வரவில்லை. பரிமாற வேண்டிய நேரத்தில் இந்திராணி அடுப்படியிலேயே நின்றாள். அலமாரியில் இருந்தது ஒரே ஒரு தட்டு.

பின்னால் வந்த மினா அலமாரியைப் பார்த்தாள். தான் கொண்டுவந்த கூடையைத் திறந்தாள். மரவள்ளிக்கிழங்குக்கு அடியில் ஆறு தட்டுகள் இருந்தன.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தட்டுகளைக் கழுவிக்கொண்டே மினா சொன்னாள்:

"எங்க கம்பத்துல லைன் நல்லாவே கிடைக்கும், ஆன்டி. அந்த ரெண்டு நாள்ல உங்களைத் தேடி ஒரு போன்கூட வரலையே."