ஹிக்கரி தெருவுக்கு எந்தப் பள்ளி?

ஒஹாயோவில் எங்கள் ஊரில், எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எந்தத் தொடக்கப்பள்ளி என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை மாற்ற, மறுபடியும் ஒரு கூட்டம்.

"பக்கத்துலயே பள்ளிக்கூடம் இருக்கு. எங்க ஹிக்கரி தெருப் பிள்ளைங்க மட்டும் மஞ்சள் பஸ்ல ஊரைச் சுத்தணுமா?" என்று மைக்கில் கேட்டார் லோரெட்டா.

"அது எங்க தெருப் பள்ளி. ஏற்கெனவே நெரிசல். உங்க பிள்ளைங்கள மடியிலயா வச்சுக்கிறது?" என்றார் கர்ட்.

"வச்சுக்குங்களேன், குறைஞ்சா போயிடுவீங்க?"

கூட்டத் தலைவர் கொட்டாவியோடு சுத்தியலால் மேசையைத் தட்டினார். "முடிவு அடுத்த கூட்டத்துல."

வெளியே வந்ததும் லோரெட்டா கர்ட்டிடம் காபியை நீட்டினார்.

"ஹிக்கரி தெருவுலதான நம்ம பேத்தியும் இருக்கா, சம்பந்தி? இனிமேலாவது விட்டுக்கொடுக்கலாமே."

"நம்ம பிள்ளைங்கள ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கும்போது ஆரம்பிச்ச சண்டை," என்று பெருமூச்சு விட்டார் கர்ட். "பழகிப்போச்சு, சம்பந்தி."