தேசப்பன் பேசிய பேச்சு

“நிக்க இடம் கேட்டான், குடுத்தோம்! குடிக்கத் தண்ணி கேட்டான், குடுத்தோம்! இன்னைக்கு நம்ம வாசல்ல நம்மளையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறான்!”

மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார் தேசப்பன். லைட்ஹவுஸ் குப்பத்தில் சுதந்திர தின விழா. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும் நாடகம். பழவேற்காட்டுக்கு வியாபாரம் செய்ய வந்து கோட்டை கட்டிக்கொண்ட டச்சுக்காரர்களை எதிர்த்து, ஒரு மீனவத் தலைவன் ஊரைத் திரட்டுவதாகக் கதை. எழுதியதும் தலைவனாக நடித்ததும் தேசப்பன்தான்.

“வலை நம்முது, தோணி நம்முது. புடிச்ச மீனுக்கு வெலை சொல்றவன் மட்டும் அவனா? அவன் கையில துப்பாக்கி கீதுன்னு பயப்படறீங்களா? நாம தலையைக் குனியறதாலதான் தாய்மாரே, அவன் நிமிர்ந்து நிக்கறான். ஒரே ஒரு வாட்டி ‘போ’ன்னு சொல்லிப் பாருங்க!”

கைதட்டல் கடல் சத்தத்தையே அமுக்கியது. மீன் விற்கும் கஸ்தூரியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்வரிசையில் செவ்வந்தி மட்டும் கைதட்டவில்லை. வைத்த கண் வாங்காமல் தேசப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மகள் ஷாலினியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

‘அழுகையை அடக்க முடியல போல’ என்று நினைத்துக்கொண்டார் தேசப்பன்.

எல்லாரும் கை குலுக்கி, டீ வாங்கிக் கொடுத்து, சால்வை போர்த்தி அனுப்பினார்கள். ஒட்டு மீசையைக் கூடப் பிய்க்க மனம் வராமல் வீட்டுக்கு வந்தார். நண்டுக் குழம்பு வாசனை தெருவிலேயே வந்தது.

வாசலில் ஒரு பை இருந்தது. பக்கத்தில் செவ்வந்தி நின்றிருந்தாள்.

“இன்னாது இது, பையை வெளியில வெச்சிகீற? உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பிட்டியா?”

“நான் எங்கயும் போகல மாமா.”

தேசப்பன் பையைத் திறந்து பார்த்தார். அவருடைய வேட்டிகள், சட்டைகள், ஷேவிங் செட். எல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது.

“இது என் துணியாச்சே!”

“ஆமா மாமா. துவைச்சு மடிச்சிட்டேன்.”

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலையில்கூட இவள்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மீனைத் தானே பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறேன் என்று போன மாசம் கேட்டாள், பொம்பளைக்கு எதுக்கு அந்த வேலை என்று அடக்கினார். அந்தக் கோபமா? ஷாலினிக்குக் காலேஜ் வேண்டாம், காட்டூர் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தாரே, அதுவா? அப்போதெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லையே இவள்.

“யாரு உன் மனசைக் கலைச்சது? சொல்லு. இன்னா சொன்னாங்க என்னைப் பத்தி?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.”

“நான் இன்னா சொன்னேன்?”

“மைக்குல சொன்னீங்களே மாமா.”

ஒட்டு மீசையின் ஒரு முனை பிரிந்து தொங்கியது.

“அய்ய, அது நாடகம்! வெள்ளைக்காரனைப் பத்திச் சொன்னது! உனக்கு இன்னா ஆச்சு?”

அதற்குள் கஸ்தூரியம்மாள் வந்து செவ்வந்தி பக்கத்தில் நின்றாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். யாரும் சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. சும்மா நின்றார்கள்.

“நீயாவது சொல்லு கஸ்தூரியம்மா! இவளுக்குப் புத்தி பிசகிப் போச்சு.”

“அவளுக்கு நல்லாத்தான் கீது. நீ அவ்ளோ புரியற மாதிரி பேசிட்ட தேசப்பா. எனக்கே ஒடம்பு சிலிர்த்துப் போச்சு.”

“சிலிர்க்கறதுக்காகத்தான் பேசினேன்! துணியை மூட்டை கட்டறதுக்கா பேசினேன்?” குரல் உடைந்தது. “சரி, படகு? நாளைக்கு யாரு கடலுக்கு அனுப்பறது?”

“நான் அனுப்பறேன்” என்றாள் செவ்வந்தி. கதவின் குறுக்கே வைத்த கையை அவள் எடுக்கவில்லை. “மீன் வெலையும் நானே பேசிக்கறேன். பொண்ணு காலேஜுக்குப் போவா. சாப்டுட்டுக் கெளம்புங்க மாமா. நண்டுக் குழம்பு வெச்சிருக்கேன்.”

தேசப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் அவருக்காகக் கைதட்டிய அதே முகங்கள். அவர் பேச்சில் எந்த வரி இவளை இப்படிப் பிடித்துக்கொண்டது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

“ஊர்ல யாராவது இப்படிச் செய்வாங்களா? நான் இல்லாம இந்தக் குடும்பம் நிக்குமா? ஷாலினி! நீ வெளியே வா. உங்கம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு!”

ஷாலினி வெளியே வந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எங்க நைனாவோட பதினாறாம் நாள் காரியத்துக்குன்னு இந்த வூட்டுக்கு வந்தீங்க. மூணு வருஷமாச்சு. பொன்னேரி பஸ்ஸு இருக்கும்போதே கெளம்புங்க, பெரியப்பா.”